கேமராவுக்கு அடியில் ஒரு பெஞ்சு

டாக்ஸிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இதுக்கு மேல போகாதும்மா" என்றார்.

தண்டவாளத்துக்கு அடியில் புகுந்து போகும் சாலை தண்ணீருக்குள் காணாமல் போயிருந்தது. மத்தியானம் பெய்த மழை. யாரோ விட்டுப்போன ஒரு கார், கூரை மட்டும் தெரிய நடுவில் நின்றது.

"சுத்திப் போனா ரெண்டரை மணி நேரம் ஆயிடும். ட்ரெயின்ல போனா அரை மணி. ஸ்டேஷன் இதோ இருக்கு. என்ன சொல்றீங்க?"

என்னத்தைச் சொல்வது? மணி மூன்றரை. ஆறு மணிக்குத் தங்கைக்கு ஆபரேஷன். அக்காவின் மடியில் இருந்த நீல ஃபைல் போய்ச் சேராமல் அந்த ஆபரேஷன் நடக்காது.

தங்கைக்குத் தலைப்பிரசவம். சின்ன வயதிலிருந்தே இதயத்தில் ஒரு கோளாறு உண்டு. பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மயக்க ஊசி போடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் வலி எடுத்த பதற்றத்தில் அந்த ஃபைலை மட்டும் விட்டுவிட்டு, வீட்டில் இருந்த மற்ற சகலத்தையும் பையில் திணித்துக்கொண்டு போயிருந்தாள் அந்த மகராசி. சீப்பு மட்டும் மூன்று இருந்ததாம். அவள் புருஷன் சரக்குக் கப்பலில், நடுக்கடலில். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான். அவள்தான் தங்கை வீட்டுக்குப் போய் அலமாரியைக் குடைந்து ஃபைலை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

டாக்ஸியை விட்டு இறங்குவதற்குள் போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கே?"

"ஸ்டேஷனுக்கு வந்துட்டேன்டி. நாலரைக்குள்ள உன் பக்கத்துல இருப்பேன்."

"எனக்குப் பயமா இருக்குக்கா. நீ வந்தாத்தான் உள்ள போவேன். அவங்க தூக்கிட்டுப் போனாலும் போக மாட்டேன்."

"உன்னை இப்ப யாரால தூக்க முடியும்? பேசாம படு. வந்துட்டே இருக்கேன்."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் என்று அக்கா நடையைக் கட்டினாள்.

நுழைவாயிலில் ஆளுயரச் சுழல் கதவு. சுற்றிலும் இரும்புக் கம்பி. பயண அட்டையைக் காட்டினால் ஒருத்தர் நுழையும் அளவுக்குச் சுற்றும். சுற்றியது. அவளை உள்ளே தள்ளிவிட்டு 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

உள்ளே ஒரு ஜீவன் இல்லை. டிக்கெட் ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒன்றாம் நடைமேடை, அந்தப் பக்கம் இரண்டாவது, இரண்டுக்கும் நடுவில் துருப்பிடித்த மேம்பாலம். வானம் மூடிக் கிடந்ததில் பட்டப்பகலே அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. எங்கோ ஒரு தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. அதைத் தவிர ஒரு சத்தம் இல்லை.

அக்காவுக்கு இந்த ஸ்டேஷனை ஆறு வருடமாகத் தெரியும். ஆனால் காலடி எடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில், பதினோரு ஆளில்லா ஸ்டேஷன்களைத் திரையில் பார்த்துக்கொண்டு மைக்கில் அறிவிப்புச் சொல்வதுதான் அவள் வேலை. இது ஒன்பதாம் நம்பர். வண்டி வழக்கமான நடைமேடையை விட்டு வேறொன்றில் வருவதாக இருந்தால் மேஜையில் சிவப்பு விளக்கு சிமிட்டும். உடனே மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, 'அறிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். டிக் போட்டால்தான் விளக்கு அணையும்.

ஒரு நாளைக்கு நூற்றைம்பது மாற்றம் வரும். தொண்டை என்ன தகரத்திலா செய்தது? அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். திரையைப் பார். நடைமேடையில் ஆள் தெரிந்தால் சொல். தெரியவில்லையா, டிக்கை மட்டும் போட்டுவிட்டு அடுத்ததைப் பார். "யாருமே இல்லாத இடத்துல எதுக்கும்மா வாய் வலிக்கக் கத்தணும்?" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், கோடையிலும் பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றாத சீனியர். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ஸ்வெட்டர் அண்ணன். இன்று பகல் ஷிப்ட் அவருடையதுதான்.

ஒன்றாம் நடைமேடையில் கூரை இருந்த ஒரே இடம், கேமரா மாட்டியிருந்த கம்பத்தடி. அங்கே ஒரே ஒரு பெஞ்சு. கம்பத்தில் உதவிக்கான பொத்தான் ஒன்று. மற்ற இடமெல்லாம் ஈரம்.

அந்த பெஞ்சு திரையில் தெரியாது. கேமரா அதற்கு நேர் மேலே இருந்து தூரத்தைத்தான் பார்க்கும். அங்கே பெஞ்சு இருப்பதே அக்காவுக்கு எட்டு மாதத்துக்கு முன்புதான் தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது என்பதை அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. வேறு உட்கார இடம் இல்லாததால் உட்கார்ந்தாள்.

பெஞ்சு சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

தலைக்கு மேலே பலகை, 'மூன்று நாற்பத்தைந்து, நடைமேடை ஒன்று' என்று காட்டியது. அக்கா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான நேரத்துக்கு வண்டி வந்தது.

இரண்டாம் நடைமேடையில்.

அறிவிப்பு இல்லை. பலகை இன்னமும் 'ஒன்று' என்றுதான் சாதித்தது. அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்துநாலு படி. ஏறி முடித்து மேலே வந்தபோது, வண்டியின் வால் விளக்கு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அட பாவி அண்ணா" என்றாள் மூச்சு வாங்க. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்திருப்பார். பெஞ்சில் இருந்தவள் தெரிந்திருக்க மாட்டாள். டிக். வேறு யாரையும் அவள் குறை சொல்ல முடியாது. அவரிடம் அவளும், அவளிடம் இன்னும் எத்தனையோ பேரும் கற்றுக்கொண்டு போட்ட டிக்தான் அது. அவருக்குப் போன் செய்யலாம் என்றால் அறைக்குள் சொந்தப் போன் கூடாது. வாசல் லாக்கரில் கிடக்கும். உதவிப் பொத்தானை அழுத்தலாம் என்றால் மறுபடி அந்த பெஞ்சுக்குப் போக வேண்டும், அதற்கு மனம் வரவில்லை.

அடுத்தது நாலு பத்து. கீழே சாலை முழுகியிருப்பதால் ஒன்றாம் தடத்திலும் ஏதோ கோளாறு போலும், இனி எல்லாம் இரண்டில்தான் வரும் என்று கணக்குப் போட்டாள். இரண்டாம் நடைமேடைக்குப் போய், தூறலில் நனைந்தபடி, அந்தப் பக்கத்துக் கேமரா எதிரில் நட்டநடுவே நின்றுகொண்டாள். எங்கே நின்றால் திரையில் பளிச்சென்று தெரியும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கையைத் தூக்கி ஆட்டவும் செய்தாள். பார்க்கிறவர்கள் இருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

நாலு பத்து, ஒன்றாம் நடைமேடையில் வந்து நின்று, கதவைத் திறந்து, கதவை மூடி, போயே விட்டது.

ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை.

தங்கை மறுபடி அழைத்தாள். "வண்டி கொஞ்சம் லேட்டுடி" என்று சொல்லிச் சமாளித்தாள். குரலில் நடுக்கம் தெரியாமல் பேசுவது அவள் தொழில். அதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது வண்டி நாலு நாற்பது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மேம்பாலத்தின் உச்சியில், நடுமத்தியில் நின்றாள். எந்தப் பக்கம் வந்தாலும் சரி, இறங்கிவிடலாம். தூரத்தில் விளக்கு தெரிந்தது. தண்டவாளம் பிரியும் இடத்தில் அது இரண்டாம் தடத்துக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டாம் நடைமேடைப் படியில்தான் இறங்கினாள். கைப்பிடியை விடாமல், படியை எண்ணிக்கொண்டே இறங்கினாள். நாற்பத்துநாலு.

கடைசிப் படியை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தாள்.

எதிரே கம்பம். கேமரா. பெஞ்சு.

அவள் நின்றது ஒன்றாம் நடைமேடை.

வண்டி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. பெட்டிக்குள் வெளிச்சம். ஒருத்தி செல்போனைப் பார்த்தபடி கொட்டாவி விட்டாள். ஒரு குழந்தை கண்ணாடியில் கையை வைத்து அக்காவையே பார்த்தது. பிறகு அவளுக்குப் பக்கத்தில் வேறு யாரையோ பார்ப்பதுபோலப் பார்வையைச் சற்று நகர்த்தி, கையை மெல்ல எடுத்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

'பதற்றத்துல மாறி இறங்கிட்டேன்' என்று அக்கா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது.

போதும் இந்த ஸ்டேஷன். நடந்தாவது போய்விடலாம், தண்ணீரில் நீந்தியாவது போய்விடலாம். சுழல் கதவுக்கு ஓடி அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. 'பயணம் செய்யவில்லை' என்று எழுத்து ஓடியது. ஏறிய ஸ்டேஷனிலேயே வெளியேற அட்டை ஒத்துக்கொள்ளாது. உதவிப் பொத்தானை அழுத்திக் கேட்க வேண்டும். கம்பிகளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அது அசைந்துகொடுக்கவில்லை. வெளியே சாலையில் ஒரு நாய்கூட இல்லை.

உதவிப் பொத்தான் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் அந்த வாடை வந்தது. பால் அடிப்பிடித்த வாடை. யாருமில்லாத ஸ்டேஷனில், சுற்றுவட்டாரத்தில் அடுப்பே இல்லாத இடத்தில், தொண்டையை அடைக்கும் அளவுக்குத் தீய்ந்த பால்.

பொத்தானை அழுத்தினாள். கரகரவென்று சத்தம். பிறகு பழகிய குரல்.

"கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க."

"அண்ணே, நான்தான். ஒன்பதுல மாட்டிக்கிட்டேன். கதவைத் திறந்து விடுங்க."

"யாருங்க? நடைமேடையில யாரும் தெரியலையே. விளையாட்டுக்கு அழுத்தினா அபராதம் போடுவோம்."

"அண்ணே, உங்க ஸ்வெட்டர்ல மூணாவது பட்டன் இல்லை. அண்ணி தைச்சுத் தர மாட்டேங்கறாங்கன்னு ரெண்டு வருஷமாப் புலம்பறீங்க. போதுமா?"

"அட, நீயா? உனக்கு அங்க என்ன வேலை?" அவர் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்பதுல கதவு நம்ம சொன்ன பேச்சைக் கேக்காதே. ஆளை அனுப்பித்தான் திறக்கணும், ரோடு வேற முழுகிக் கிடக்கு. சரி, நீ முன்னால வந்து நில்லு. பார்த்துட்டு அடுத்த வண்டிக்குச் சரியாச் சொல்றேன்."

அக்கா நடைமேடையின் நடுவுக்கு ஓடிப்போய் நின்றாள். இரண்டு கையையும் ஆட்டினாள். பத்து எண்ணிவிட்டுத் திரும்ப ஓடிவந்தாள்.

"பார்த்தீங்களா?"

"எங்கேம்மா நின்னே? உன்னைக் காணோமே. ஒரு பெரியவர்தான் நிக்கிறாரு."

"எந்தப் பெரியவர்?"

"கையில ஃப்ளாஸ்க் வெச்சிருக்காரு பாரு, அவர். கேமராவையே பார்த்துட்டு நின்னாரு. இப்ப நகர்ந்து, உன் பக்கமாத்தான் வராரு."

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பின்னால், பெஞ்சில், ஒரு ஆள் உட்காரும் கிரீச் சத்தம் கேட்டது. அதன் பிறகு, ஃப்ளாஸ்க் மூடியை யாரோ நிதானமாகத் திருகும் சத்தம்.

பால் வாடை முகத்தில் அடித்தது.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா" என்றது ஒரு குரல், மெதுவாக.

எட்டு மாதத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு சாயங்காலம், அஞ்சு பத்து வண்டி ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறியது. அக்கா திரையைப் பார்த்தாள். காலி. டிக் போட்டாள். கேமராவுக்கு அடியில், இந்த பெஞ்சில், ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றதைப் பார்த்துப் பதறி, படியேற நேரமில்லாமல் தண்டவாளத்தில் இறங்கினார். ஒன்றாம் தடத்தில் நிற்காமல் போகும் வண்டி வந்துகொண்டிருந்தது.

விசாரணையில், "அறிவிச்சேன் சார்" என்றாள் அக்கா. டிக் சாட்சி சொன்னது. அதோடு விட்டிருக்கலாம். "வயசானவர், காது கேட்டிருக்காது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டாள். அறிக்கையில் அப்படியே எழுதினார்கள்: இறந்தவர் செவித்திறன் குறைந்தவர். அறிக்கையோடு ஒட்டியிருந்த புகைப்படத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க் கிடந்தது. அந்தப் படத்தில்தான் முதன்முதலாக இந்த பெஞ்சையும் பார்த்தாள்.

அவள் மெல்லத் திரும்பினாள்.

சாதாரண மனிதர். சலவைச் சட்டை, முழங்காலில் ஃப்ளாஸ்க், ஒட்டிய கன்னம். திறந்த நடைமேடையிலிருந்து வந்தவர் மேல் தூறல் விழுந்த அடையாளமே இல்லை. கண் அவளைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ உன்னிப்பாகக் கேட்கிறவரைப்போல.

"நான் சொல்லலைங்க" என்றாள் அக்கா. எட்டு மாதமாகத் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது. "டிக் மட்டும்தான் போட்டேன். உங்களுக்குக் காது கேக்காதுன்னு நான்தான் பொய் சொன்னேன். எனக்குத் தூக்கமே இல்லைங்க."

"பொண்ணு பால் கேட்டா" என்றார் அவர். "ஆஸ்பத்திரியில. சூடா வேணும்னா. இன்னும் சூடு ஆறலை."

"என் தங்கச்சியும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. இந்த ஃபைல் போனாத்தான் அவளுக்கு வைத்தியம். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, ஆனா இன்னைக்குப் போக விடுங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் யோசிப்பதுபோலத் தெரிந்தது. தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"அஞ்சு பத்து எந்த மேடையில வருதுன்னு சொல்லச் சொல்லும்மா" என்றார். "ஒரே ஒரு தடவை."

அக்கா பொத்தானை அழுத்தினாள். "அண்ணே, அஞ்சு பத்து எதுல?"

"ரெண்டுக்கு மாத்தியிருக்காங்க. விளக்கு இப்பத்தான் சிமிட்டுது. நீ எங்கேம்மா இருக்கே?"

"மைக்குல சொல்லுங்கண்ணே. தயவு பண்ணி இப்பச் சொல்லுங்க."

அன்றைக்கு முதன்முறையாக ஒலிபெருக்கி வாயைத் திறந்தது. "பயணிகள் கவனிக்கவும். ஐந்து பத்து வண்டி, நடைமேடை ஒன்றுக்குப் பதிலாக, நடைமேடை இரண்டில் வரும்." ஸ்வெட்டர் அண்ணனின் சளிக்குரல் காலி ஸ்டேஷன் முழுக்க எதிரொலித்தது.

பெரியவரின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபோது அக்காவுக்குப் பயத்தையும் மீறி அழுகை வந்தது. இவ்வளவுதானா? இந்த ஒரு வரிக்காகவா இந்த மனுஷன் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தார்?

"கேட்டுதும்மா" என்றார். எழுந்தார். மேம்பாலத்தை நோக்கி அவசரமில்லாமல் நடந்தார்.

அவள் ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, இரண்டு அடி தள்ளி அவர் பின்னாலேயே போனாள். அவர் ஏறிய படியில் ஏறினாள். அவர் இறங்கிய படியில் இறங்கினாள். அவர் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வண்டியின் சத்தம் நெருங்கியது. கடைசிப் படியில் ஒரே ஒரு தடவை கண் இமைத்தாள்.

எதிரே கம்பம். கேமரா. பெஞ்சு.

அவர் அந்தப் பக்கம் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். கதவு மூடுவதற்குள் திரும்பி, கண்ணாடி வழியே அவளை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். அவர் அக்குளில் ஏதோ நீலமாக இடுக்கியிருந்தது.

அக்கா குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

நெஞ்சோடு அணைத்திருந்தது ஃப்ளாஸ்க். சூடு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். பொத்தானை அழுத்தினால் கரகரப்புகூட வரவில்லை. பாலத்தில் நாலு தடவை ஏறி இறங்கினாள். நாலு தடவையும் அதே பெஞ்சு. தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே ஓடிவிடலாமா என்று விளிம்பில் போய் நின்றவள், கீழே ஜல்லியில் ஒரு ஃப்ளாஸ்க் மூடி கிடப்பதைப் பார்த்துப் பின்வாங்கினாள். தங்கையை அழைத்தால் மணி அடித்து அடித்து நின்றது. கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சின்ன நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் நல்ல மனசோடுதான் ஃபைலை எடுத்துப் போயிருக்க வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், மன்னித்துவிட்டார். ஃபைல் போய்ச் சேர்ந்தால் போதும், தான் இங்கேயே கிடந்தாலும் பரவாயில்லை.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"அக்கா, ஃபைல் வந்துடுச்சு" என்றாள் தங்கை. குரலில் பயம் கொஞ்சமும் இல்லை. "நீ அனுப்பின பெரியவர் வந்துட்டாரு. எவ்வளவு நல்ல மனுஷன்க்கா. என்னைப் பார்த்ததும் 'எம் பொண்ணு மாதிரியே இருக்கே'ன்னாரு."

"நர்ஸ்கிட்ட ஃபைலைக் கொடுத்தாச்சா?" என்றாள் அக்கா.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டி. ஃபைலைக் கொடுத்துட்டாரா?"

"ஒண்ணுமே கேக்கலையே. சரி, நான் சொல்றது உனக்குக் கேக்கும்னு நினைக்கிறேன். ஃபைல் அவர் கையிலயே இருக்கு. நர்ஸ் என்னை வீல் சேர்ல உட்கார வெச்சு, ஒண்ணாம் தியேட்டர் வாசல்ல விட்டுட்டுப் போனாங்க. இங்கயே இருங்க, கூப்பிடறோம்னாங்க. ஆனா இப்ப ரெண்டாவதுக்கு மாத்திட்டாங்களாம்."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஸ்பீக்கர்ல சொன்னாங்களாம். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலை, இங்க இருக்கிற யாருக்கும் கேக்கலை. அவருக்கு மட்டும் கேட்டுது. காது அவ்வளவு நல்லாக் கேக்குமாம்."

"போகாதே" என்று அக்கா கத்தினாள். "அங்கேயே இரு. நர்ஸைக் கூப்பிடு. அவரோட போகாதே." ஆறு வருடம் பதினோரு ஸ்டேஷனுக்கும் கேட்ட குரல். தொண்டை கிழியக் கத்தினாள். அது பெஞ்சைத் தாண்டிப் போகவில்லை.

"அந்தப் பக்கம் லைட்டே எரியலைக்கா" என்றாள் தங்கை. சக்கரம் உருளும் சத்தம் பின்னால் கேட்டது. "அவரே தள்ளிட்டுப் போறாரு. நீ வரலையேன்னு எனக்கு வருத்தமா இருந்துது. அவர் இருக்காரு, இப்பப் பயம் இல்லை. ஆங், உனக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. 'அக்காவை அங்கேயே உட்காரச் சொல்லு, அறிவிப்பு வரும்'னாரு."

சக்கரச் சத்தம் தூரமாகிக்கொண்டே போய் நின்றது. ஒரு கதவு சாத்தும் ஓசை. பிறகு எதுவும் இல்லை.

ஆறு மணி வண்டியின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. அது தடம் மாறுவதை அக்கா பெஞ்சிலிருந்தபடியே பார்த்தாள். இந்நேரம் அந்தக் குளிர் அறையில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஸ்வெட்டர் அண்ணன் நிமிர்ந்து ஒன்பதாம் நம்பர் திரையைப் பார்ப்பார்.

தலைக்கு மேலே கேமரா ஒரு தடவை முனகியது. அவள் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு, தலையைச் சற்று சாய்த்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃப்ளாஸ்க் சுட்டுக்கொண்டிருந்தது.

வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்றது.